விளக்குத்தூண் கடைக்கு எத்தனை லைன்

மதுரை, மகால் தெரு
6-3-1939

சிரஞ்சீவி ஜனகராஜனுக்கு அக்காள் ரங்கநாயகியின் ஆசீர்வாதம். இங்கே நானும் ராமமூர்த்தியும் அவன் வீட்டாரும் சுகமாக இருக்கிறோம். வெயில் மாசியிலேயே பங்குனி போல் அடிக்கிறது. உன் இடது கண்ணில் நீர் வடிவது நின்றதா என்று போன கடிதத்திலேயே கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அவனியாபுரம் பாதையில் புதிதாக ஒரு நூற்பாலை எழும்பியிருக்கிறது. மதுரை டவுனுக்கு ஒரே ஒரு கடைக்கு ஒரு வருஷ ஏஜென்சி கொடுக்கிறார்கள். ராமமூர்த்தி முயற்சி செய்து நம் விளக்குத்தூண் கடைக்கு வாங்கிவிட்டான். ஜூன் முதல் தேதி ஆரம்பம். பம்பாய் நூல் வருவது நின்ற பிறகு நம் சாயப்பட்டறை பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது. இந்த ஏஜென்சி நிலைத்தால் கடை நிலைக்கும். இல்லையென்றால் உன் அத்திம்பேர் போட்ட பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

ஆலைக்காரர்கள் எல்லாவற்றையும் டெலிபோனில் செய்கிறவர்கள். நூல் மூட்டை கட்டி பேல் தயாரானதும் அவர்களுடைய மானேஜர் நம் கடையைக் கூப்பிட்டு விலை சொல்வார். அப்போதே சம்மதம் சொல்ல வேண்டும். "மூணு தடவை கூப்பிட்டும் கிடைக்காத கடை எனக்கு ஏஜெண்டா இருக்க முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்.

கடையில் இப்போது இருப்பது ஒரே டெலிபோன். வெளி லைனையும் உள்ளே இருக்கும் டெலிபோன்களையும் இணைக்கும் போர்டு ஒன்று வைக்க வேண்டும் என்கிறான் ராமமூர்த்தி. கடை, கிடங்கு, பட்டறை, வீடு என்று உள்ளே நான்கு கருவிகள். எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் வெளி லைன் நான்கு. உள்ளே நான்கு வைப்பது எனக்குப் புரிகிறது. வெளியே ஏன் நான்கு? கேட்டால் "தேவைப்படும் அம்மா" என்கிறான். தேவைப்படும் என்பது கணக்கு அல்ல. நம் வீதிக்கு வந்திருக்கும் கம்பியில், இப்போதிருக்கும் நம் லைனையும் சேர்த்து, நமக்குக் கிடைக்கக்கூடியதே நான்குதானாம். மே மாதத்துக்குள் எத்தனை வேண்டும் என்று உறுதி சொல்ல வேண்டும். கடை என் பெயரில் இருப்பதால் கையெழுத்து என்னுடையது. நீ சென்னை டெலிபோன் காரியாலயத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன். எத்தனை லைன் என்று எப்படிக் கணக்கிடுவது என்பதை எழுது.

உன் மனைவிக்கும் மருமகளுக்கும் என் ஆசி. கண்ணைப் பற்றி எழுத மறக்காதே.

ரங்கநாயகி

---

சென்னை, திருவல்லிக்கேணி
12-3-1939

அக்காள் அவர்களுக்கு ஜனகராஜனின் நமஸ்காரம். உங்கள் ஆசியால் அனைவரும் நலம். கண் அப்படியே இருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

லைன் கணக்கை ரயில்வே டிக்கெட் ஜன்னல் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் டிக்கெட் வாங்குகிறார்கள் என்பதைக் கொண்டு ஜன்னல் திறப்பதில்லை. வண்டி கிளம்பும் நேரத்தில் எத்தனை பேர் மோதுகிறார்கள் என்பதைக் கொண்டுதான் திறக்கிறோம். ஒவ்வொரு கடைக்கும் நெருக்கடியான நேரம் ஒன்று இருக்கும். அந்த நேரத்தில் வரும் அழைப்புகளை எண்ணி, ஒவ்வொன்றும் எவ்வளவு நிமிஷம் பிடிக்கிறது என்று பார்த்தால் மற்றது தானாக வந்துவிடும்.

திங்கள் முதல் சனி வரை, ஒரு நாளைக்கு ஒரு தாளாக, வந்த அழைப்பு, போன அழைப்பு எல்லாவற்றையும் மணிவாரியாகக் கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். ஆறு தாள்களையும் அப்படியே எனக்கு அனுப்பிவிடுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.

ராமமூர்த்தி மெலிந்துபோயிருப்பதாக இங்கே வந்தவர்கள் சொன்னார்கள். அவன் உடம்பையும் கவனியுங்கள்.

ஜனகராஜன்

---

மதுரை
2-4-1939

சிரஞ்சீவி ஜனகராஜனுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நலம். ராமமூர்த்தி மெலியவில்லை, அவன் அப்பாவும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தார்.

நீ சொன்னபடி ஆறு நாளும் கடை குமாஸ்தா வீரணன் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்து கோடு போட்டான். கோடு கோணல், எண்ணிக்கை சரி. நான் இரண்டு முறை கூட்டிச் சரிபார்த்தேன். தாள்கள் மசிக்கறையோடு இருப்பதால் அவற்றை அனுப்பவில்லை. ஆறு நாளையும் கூட்டி, மணிவாரியாகச் சராசரி எடுத்து, சுத்தமாக எழுதிய பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை எந்த மணியை எடுத்தாலும் சராசரி நான்குக்குக் குறையவில்லை, எட்டைத் தாண்டவில்லை. ஓர் அழைப்பு மூன்று நிமிஷம் பிடிக்கிறது. எட்டு என்றாலும் இருபத்து நான்கு நிமிஷம். அதாவது, ஒரே லைன்கூட மணிக்குப் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. நீ சொல்லும் நெருக்கடி நேரம் நம் கடைக்கு இல்லை. ஒரு லைனே போதும். கௌரவத்துக்காக இரண்டு வைக்கலாம். நான்கு என்பது ஆடம்பரம்.

ராமமூர்த்தி இதை ஒப்பவில்லை. நம் வீட்டுச் சௌராஷ்டிரப் பேச்சில் அவன் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மா, கூட்டம் சேர்ந்தாப்போல வருகிறது. அந்த நேரத்தில் ரிசீவரைக் கீழே வைக்க முடிவதில்லை."

"எந்த நேரத்தில்?"

"ஒரு நாள் காலையில். ஒரு நாள் மத்தியானம். ஒரு நாள் சாயங்காலம்."

"எந்த நேரம் என்று சொல்ல முடியாவிட்டால் அது நேரமே இல்லை" என்றேன்.

அவன் வீரணனைப் பார்த்தான். வீரணன் உத்தரத்தைப் பார்த்தான். "நீதானே குறித்தாய், சொல்லேன்" என்று கேட்டதற்கு, "நாங் கோடு மட்டுந்தேம் போட்டேன் பெரியம்மா, அம்புட்டுத்தேன்" என்று நழுவிவிட்டான்.

பட்டியலைப் பார்த்து இரண்டு சரி என்று ஒரு வரி எழுது. உன் எழுத்து வந்தால் ராமமூர்த்தி அடங்குவான். உன் மனைவிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

ரங்கநாயகி

---

சென்னை
9-4-1939

அக்காள் அவர்களுக்கு நமஸ்காரம். பட்டியல் வந்தது. உங்கள் கையெழுத்து இந்த வயதிலும் அச்சுப் போலவே இருக்கிறது. மருமகளிடம் காட்டினேன்.

ஒரு சிறு விண்ணப்பம். மசிக்கறை இருந்தாலும் அந்த ஆறு தாள்களையும் அனுப்ப முடியுமா? சராசரி சில சமயம் மேட்டையும் பள்ளத்தையும் சமப்படுத்திக் காட்டிவிடும். இத்தனை தட்டையான பட்டியலை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

மூட்டுவலி குறைந்திருக்கிறது. உங்களுக்குப் படியேறும்போது மூச்சு வாங்குவது எப்படி இருக்கிறது?

ஜனகராஜன்

---

மதுரை
13-4-1939

ஜனகராஜனுக்கு ஆசீர்வாதம். நாளை பிறக்கும் வருஷம் உன் குடும்பத்துக்கு நல்லதாக இருக்கட்டும்.

கன்னியர் பள்ளியில் எட்டு வருஷம் கணக்கில் முதல் மார்க்கு வாங்கியவள் நான். உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததும் நான்தான். பதினேழாம் வாய்ப்பாட்டில் நீ எங்கே தடுமாறுவாய் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சராசரி எடுக்க எனக்குத் தெரியாது என்று நீ நினைத்தால் அதை நேராகவே எழுதியிருக்கலாம். குமாஸ்தா போட்ட கோட்டை நம்புவாய், நான் போட்ட கணக்கை நம்பமாட்டாய் என்றால் உன்னைக் கேட்டதே என் பிழை.

தாள்களை அனுப்பப் போவதில்லை. இரண்டா, நான்கா? அதை மட்டும் எழுது.

மூச்சு வாங்குவதில்லை.

ரங்கநாயகி

---

சென்னை
29-4-1939

அக்காள் அவர்களுக்கு நமஸ்காரம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

உங்கள் கணக்கில் தவறு இருக்காது. இரண்டு போதும்.

யாவரும் நலம்.

ஜனகராஜன்

---

மதுரை
18-8-1939

சிரஞ்சீவி ஜனகராஜனுக்கு ஆசீர்வாதம். இங்கே நலம். ஆடிக்காற்றில் புழுதி தாங்கவில்லை. பட்டறையில் காயப்போட்ட நூலெல்லாம் மண். ஏப்ரலுக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நானும் எழுதவில்லை.

போர்டு வந்து இரண்டரை மாதம் ஆகிறது. தேக்குப் பெட்டி, முன்னால் பித்தளைக் குமிழ்கள், கயிறு போல் கம்பிகள். பார்க்க நன்றாக இருக்கிறது. வீரணன்தான் அதன் முன்னால் உட்காருகிறான். நாம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த இரண்டு லைனையும் எதிர்க்கடை அழகுமலை, தம்மிடம் இருந்த இரண்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். கீழக்குயில்குடியிலிருந்து பருத்தி மூட்டை ஏற்றி வந்துகொண்டிருந்தவர், இப்போது நூல் வியாபாரம் செய்கிறார். கோயிலுக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்து, "என்னாம்மா, ரெண்டு லைனை வேணாம்னுட்டீகளாமே? உங்க வீட்டுல மிச்சம்னா எங்க வீட்டுக்கு ஆகும்ல" என்று சிரித்தார்.

இப்போது ஆலையிலிருந்து புகார் வருகிறது. கூப்பிடும்போதெல்லாம் எங்கேஜ், லைன் காலியில்லை என்று எக்ஸ்சேஞ்சில் சொல்கிறார்களாம். ஜூலையில் மட்டும் பல நாள் பேல்கள் நமக்குக் கிடைக்காமல் போயின. எனக்கு நம்பிக்கையில்லை. வீரணன் தூங்குகிறான் என்று நினைத்தேன். அவனைக் கேட்டேன்.

"ரெண்டு லைனும் பேசிக்கிட்டுத்தேன் இருந்துச்சு பெரியம்மா. வெளியில நின்னு கூப்புட்டவன் சத்தம் எனக்கு எப்பிடிக் கேக்கும்?"

சாமர்த்தியமான பதில்தான். ஆகையால் செவ்வாய்க்கிழமை நானே கடைக்குப் போய்ப் போர்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காலை பத்து முதல் மாலை நாலு வரை. இரண்டு லைனும் ஒரே சமயத்தில் பேசியது மூன்று முறைதான். மூன்று மணிக்குப் பிறகு ஒரு மணி நேரம் முழுக்க ஓர் அழைப்புக்கூட இல்லை. வீரணன் விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். என் கணக்கு கண்ணால் பார்த்து உறுதியாயிற்று. கோளாறு எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது, அல்லது ஆலைக்காரரின் பொறுமையில் இருக்கிறது.

ராமமூர்த்தி என்னோடு பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுகிறான். ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை. நீ அவனுக்கு எழுது, தைரியமாக இருக்கச் சொல்லி.

ரங்கநாயகி

---

மதுரை, விளக்குத்தூண்
30-8-1939

மாமா அவர்களுக்கு ராமமூர்த்தியின் நமஸ்காரங்கள். தங்களுக்கும் அத்தைக்கும் உடல்நலம் எப்படி? இக்கடிதத்தைக் கடையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

மாமா, இந்த ஊர் நூல் வியாபாரிகள் ராகு காலத்தில் விலை பேசமாட்டார்கள். சரக்கு கேட்கமாட்டார்கள். ஆலை மானேஜரும் அப்படியே. ராகு காலம் முடியாமல் பேலுக்கு விலை சொல்லவே மாட்டார். முடிந்த மறு நிமிஷம் அத்தனை பேரும் டெலிபோனை எடுக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் எங்கள் இரண்டு லைனும் மூச்சு விடுவதில்லை. மானேஜரும் அதே நேரத்தில்தான் கூப்பிடுகிறார்.

திங்கட்கிழமை ஒன்பதுக்கு. சனிக்கிழமை பத்தரைக்கு. வெள்ளி பன்னிரண்டு, புதன் ஒன்றரை, வியாழன் மூன்று, செவ்வாய் நாலரை. ஒவ்வொரு நாளும் இடம் மாறுவதால் அம்மா ஆறு நாளையும் கூட்டிச் சராசரி எடுத்தபோது எல்லாம் கரைந்துவிட்டது. அம்மா கடைக்கு வந்து உட்கார்ந்தது செவ்வாய்க்கிழமை. அவர் பார்த்த அந்த வெறும் நேரம்தான் ராகு காலம். நாலு மணிக்கு எழுந்து போனார். நாலரைக்குப் போர்டில் ஆரம்பித்தது. ஆலை மானேஜருக்கு அன்றும் லைன் கிடைக்கவில்லை.

இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அப்பா தூத்துக்குடிக்குச் சாயம் வாங்கப் புறப்பட்ட அன்று, ராகு காலம் கழியட்டும் என்று வாசலில் காத்திருந்து அடுத்த வண்டிக்குப் போனார். காலராவோடு திரும்பிவந்தார். அவர் காலமான அன்றைக்கே அம்மா பஞ்சாங்கத்தை வீட்டைவிட்டு எடுத்துப் போட்டுவிட்டார். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் பதினெட்டு வருஷமாக யாரும் சொன்னதில்லை. எனக்கு முப்பத்தைந்து வயது. இன்னும் வாயில் வரவில்லை. வீரணனுக்கும் வரவில்லை.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், இன்னும் இரண்டு லைனுக்கு மனுக் கொடுக்கும்படி நீங்கள் அம்மாவுக்கு எழுத வேண்டும். ரயில் நிலையப் பக்கம் புதிதாகக் கம்பி இழுக்கிறார்கள். இப்போது கேட்டால் கிடைக்கும். அம்மாவின் கையெழுத்து இல்லாமல் முடியாது. தீபாவளி வரை பார்ப்பதாக மானேஜர் சொல்லியிருக்கிறார்.

தங்கள் பதிலைக் கடை விலாசத்துக்கு அனுப்பவும்.

ராமமூர்த்தி

---

சென்னை
24-9-1939

அக்காள் அவர்களுக்கு ஜனகராஜன் நமஸ்காரம். இதை நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கண்ணுக்குச் சிறிய வைத்தியம் செய்திருக்கிறார்கள். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அதனால் தாமதம். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

யுத்தம் ஆரம்பித்துவிட்டதால் இனிமேல் லைன் கிடைப்பது கஷ்டமாகும் என்று காரியாலயத்தில் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் உடனே இன்னும் இரண்டு லைனுக்கு மனுப் போட்டுவிடுவது நல்லது. காரணம் என்று தனியாக ஒன்றுமில்லை. அனுபவத்தில் தோன்றுகிறது. தயவுசெய்து தள்ளிப்போட வேண்டாம்.

எல்லோருக்கும் என் அன்பு.

ஜனகராஜன்

---

மதுரை
21-1-1940

ஜனகராஜனுக்கு ஆசீர்வாதம். கட்டுப் பிரித்துவிட்டார்களா? உன் கையெழுத்தை நான் பார்த்து எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. பொங்கல் வந்தது, போயிற்று. மருமகள் கோலம் போட்டாள்.

செப்டம்பரில் நீ எழுதியதற்கு நான் பதில் போடவில்லை. காரணம் இல்லாத எண்ணுக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ராமமூர்த்தி மனுவை எழுதி என் மேஜைமேல் வைத்திருந்தான். ஒரு மாதம் அங்கேயே இருந்தது. அவன் தினமும் வந்து பார்ப்பான், ஒன்றும் கேட்காமல் போய்விடுவான். மனுவின்மேல் தூசி படியாமல் அவனே துடைத்து வைப்பதையும் பார்த்தேன்.

தீபாவளி கழிந்த மறுவாரம் ஆலை மானேஜர் வீட்டுக்கே வந்தார். மரியாதையாகப் பேசினார். "அம்மா, நேத்து அஞ்சு தடவை கூப்பிட்டேன். அஞ்சு தடவையும் எங்கேஜ். எதிர்க்கடைக்குக் கூப்பிட்டா மொதல் மணியிலேயே எடுக்குறாங்க. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்றார். எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "எப்பவும் கூப்பிடுற நேரந்தேன்" என்றார். எது என்று கேட்டேன். அவர் ராமமூர்த்தியைப் பார்த்தார். ராமமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். மானேஜர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

அவர் போன பிறகு, வீரணன் குறித்த ஆறு தாள்களையும் அலமாரியிலிருந்து எடுத்தேன். திங்கள் முதல் சனி வரை கூடத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு நாளிலும் ஓர் இடத்தில் கோடுகள் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மற்ற இடங்களில் நாலைந்து. நெருங்கிய இடத்தில் மட்டும் பத்தொன்பது, இருபது. ஒரு லைன் ஒரு மணியில் அதற்குமேல் தாங்காது. கிடைக்காமல் போனவர்கள் கோட்டிலேயே வரவில்லை. அந்த இடங்களுக்கு நேரே கிழமையைப் படித்தேன். நேரத்தைப் படித்தேன். இந்த வீட்டில் பஞ்சாங்கம் இல்லைதான். ஆனால் நான் மதுரையில் பிறந்தவள்.

தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டேன். இதைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

மறுநாள் மனுவில் கையெழுத்துப் போட்டேன். போன வாரம் பதில் வந்தது. ரயில் நிலையப் பக்கத்துப் புதுக் கம்பி முழுவதும் ராணுவத்துக்கும் போலீசுக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டதாம். யுத்தம் முடிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று அச்சடித்த தாளில் வந்தது. ஏஜென்சி இம்மாத முதல் தேதியிலிருந்து அழகுமலைக்கு.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. படியேறும்போது மட்டும் நின்று ஏறுகிறேன்.

ரங்கநாயகி

---

சென்னை
11-2-1940

அக்காள் அவர்களுக்கு நமஸ்காரம். இதையும் மருமகளே எழுதுகிறாள். இடது கண்ணில் பார்வை இல்லை. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இதற்குமேல் வைத்தியம் கிடையாதாம். முன்பே எழுதாததற்கு மன்னிக்கவும்.

ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். ஒரு வரி மட்டும். தாள்களைப் பார்க்காமல் இரண்டு போதும் என்று நான் எழுதியிருக்கக் கூடாது. உங்களுக்குக் கோபம் வரும் என்று பயந்து எழுதினேன். அறுபது வயதில் அக்காளுக்குப் பயந்தேன் என்று யாரிடமும் சொல்லவும் முடியாது.

ராமமூர்த்தி என்ன செய்கிறான்?

ஜனகராஜன்

---

மதுரை
7-4-1940

என் தம்பி ஜனகராஜனுக்கு ஆசீர்வாதம். இதைப் படித்துச் சொல்லும் மருமகளுக்கும் ஆசீர்வாதம். அம்மா, மெதுவாகப் படி, கேட்பவர் அவசரக்காரர்.

கண்ணைப் பற்றிக் கேட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நீ எழுதிய அந்த ஒரு வரியை நான் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள். நான் கேட்டேன், நீ சொன்னாய். கேட்டது நான்.

ராமமூர்த்தியைப் பற்றிக் கேட்டாய். பட்டறையை மூடிவிட்டோம். சாயத்தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். கடையையும் மாசிக் கடைசியில் பூட்டினோம். பெயர்ப்பலகையை வீரணன் இறக்கித் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "வாரேன் பெரியம்மா" என்று போனான். அவனுக்கு வேறு கடையில் இடம் கிடைத்துவிட்டது. போர்டை இலாகாக்காரர்கள் வந்து எடுத்துப்போனார்கள். ராணுவ முகாமுக்காம். சுவரில் திருகாணி ஓட்டைகள் இருக்கின்றன. ராமமூர்த்தி அவற்றைச் சுண்ணாம்பு வைத்து அடைக்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

பங்குனி முதல் அவன் அழகுமலையிடம் வேலைக்குப் போகிறான். டெலிபோனில் நூல் விலை சொல்லும் வேலை. ஊரில் அந்த வேலை அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அழகுமலை வீட்டுக்கு வந்து என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார். "உங்க மகனை நாங் குறைச்சு நடத்தமாட்டேம்மா. நீங்க ஒண்ணுஞ் சங்கடப்படாதீக" என்றார். மரியாதை தெரிந்தவர். நான் உட்காரச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

ராமமூர்த்தி காலையில் போய் இரவில் வருகிறான். சாப்பிடுகிறான். "மூச்சு எப்படி இருக்கிறதம்மா?" என்று கேட்கிறான். வேறு பேச்சில்லை. அவன் என்மேல் கோபப்பட்டால் நான் பதில் சொல்லலாம். அவன் படுவதில்லை. அப்படித்தான் வளர்த்தேன்.

போன வியாழக்கிழமை மூச்சுக்கு மருந்து வாங்க டாக்டர் வீட்டுக்குப் போனேன். டாக்டர் ஒரு நோயாளியோடு உள்ளே இருந்தார். முன்னறையில் டெலிபோன் இருந்தது. வீட்டுக்கு ஒரு சாமான் விசாரிக்க வேண்டும் என்று கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டு எடுத்தேன். மணி அப்போதுதான் மூன்றைத் தாண்டியிருந்தது. எக்ஸ்சேஞ்சில் அழகுமலை கடை வேண்டும் என்றேன். உடனே கிடைத்தது.

ராமமூர்த்திதான் எடுத்தான். "அழகுமலை நூல் கடை, வணக்கம்" என்றான். குரல் தெளிவாக இருந்தது. நாற்பதாம் நம்பர் நூல் என்ன விலை என்று கேட்டேன். சொன்னான். பேல் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அதையும் சொன்னான். அவசரப்படவில்லை, இழுக்கவில்லை. ஒரு குறையும் சொல்ல முடியாது. என் குரல் அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

"பேர் சொன்னால் எழுதிக்கொள்கிறேன்" என்றான். அது அந்தக் கடையின் வழக்கம்.

பெயர் வேண்டாம் என்றேன். "சரி" என்றான்.

பெரியவர்கள்தான் முதலில் ரிசீவரை வைக்க வேண்டும், அதுவரை சிறியவர்கள் காதிலேயே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லித்தந்தது நான்தான். அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் கடையின் மற்ற டெலிபோன்கள் மணி அடிப்பதும், ஆட்கள் ஓடிப்போய் எடுப்பதும், விலை கூவுவதும் கேட்டன. அவன் மூச்சும் கேட்டது. எத்தனை பேருக்கு அந்த லைன் கிடைக்காமல் போயிற்றோ.

பிறகு டாக்டர் வெளியே வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பேச வேண்டும் என்றார். வைத்துவிட்டேன்.

மருந்து தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். உன் கண்ணுக்கு அங்கே என்ன சொல்கிறார்கள் என்பதை மருமகள் மறைக்காமல் எழுதட்டும்.

ரங்கநாயகி